உப்பு ஐஸில் வைத்த மருந்து

முதலில் என் எழுத்துக்கு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். நண்டு ஊர்ந்த மணல் போலத்தான் இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்று இன்றைக்கும் பிடிபடவில்லை. அச்சுக்குக் கொடுப்பவர்கள் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். கோபத்தை மட்டும் திருத்த வேண்டாம். அதைத் தப்பில்லாமல்தான் எழுதியிருக்கிறேன்.

எனக்குப் பேச வராது. நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் என் பெயரைச் சொல்லக்கூட நாக்கு எழாது. காசிமேட்டு மீன் துறைமுகத்தில் ஐஸ் அரைக்கும் மிஷினில் வேலை. அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது, அதனால்தான் நான் அங்கே நிலைத்தேன் என்று என் மனைவி சொல்வாள். பார் ஐஸைக் கொக்கி போட்டு இழுத்து மிஷின் வாயில் தள்ள வேண்டும். கீழே தூளாகக் கொட்டுவதை லாஞ்சுப் படகுகளுக்கும் மீன் வண்டிகளுக்கும் அள்ளிப் போட வேண்டும். தூர ஊருக்குப் போகும் மீன் என்றால் ஐஸில் கல் உப்பையும் கலப்போம். உப்பு சேர்ந்தால் ஐஸுக்குப் பல் முளைத்துவிடும். வெறும் ஐஸ் மீனைக் குளிர வைக்கும். உப்பு ஐஸ் அதைக் கல்லாக்கிவிடும். கல்லான மீன் கெடாது. எங்கள் பக்கத்தில் நடை பழகும் குழந்தைக்கும் இது தெரியும். தெரிந்ததால்தான் என் மனைவியின் கால் விரல் போயிற்று.

எங்கள் வீடு காலடிப்பேட்டையில். மனைவி திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். பக்கத்துப் பலகையில் அவள் தங்கை. இருவரும் நாளெல்லாம் சண்டை போட்டுக்கொள்வார்கள், ஒரே பொட்டலத்தில் சாப்பிடுவார்கள். மனைவிக்கு சுகர் வந்து சில வருடங்கள் மாத்திரையோடு போயிற்று. அப்புறம் மாத்திரை போதாது, ஊசிதான் என்றார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் மாதாமாதம் இன்சுலின் பாட்டில்களை இலவசமாகக் கொடுத்தார்கள். அரிசி கழுவிய தண்ணீர் போல வெளுப்பாக இருக்கும். ஜன்னலில் இருந்த நர்ஸ் முதல் நாளே சொன்னாள்.

“குளிர்ச்சியாவே வெச்சுக்கணும். வெளிய வெச்சா கெட்டுடும்.”

“குளிர்ச்சிக்கு எங்களாண்டயா பஞ்சம்?” என்று என் மனைவி சிரித்தாள். “எங்க வூட்டுக்காரு ஐஸ் கம்பெனிலதான் கீறாரு.”

நர்ஸும் சிரித்தாள். பின்னால் நின்ற பெண்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அந்த இடத்தில் யாராவது ஒருவர் சிரிக்காமல், “ஐஸா, எப்படி வைப்பே?” என்று கேட்டிருந்தால் போதும்.

வீட்டில் இருந்த பிரிட்ஜ் வெள்ளத்தில் மூழ்கி எப்போதோ கெட்டுவிட்டது. புதிதாக வாங்கவில்லை. அன்றைக்கு விற்காத மீனைத் தெர்மாகோல் பெட்டியில் உப்பு ஐஸ் போட்டு வைத்து மறுநாள் எடுத்துப் போவது எங்கள் பழக்கம். மருந்து பாட்டில்களையும் பாலிதீன் பையில் கட்டி அந்த ஐஸின் நடுவிலேயே புதைத்தாள். காலையில் எடுத்தால் உள்ளே உறைந்து போயிருக்கும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டி உருட்டிக் கரைப்பாள்.

“கல்லா கீது, அப்ப நல்லா கீது” என்பாள்.

கரைந்ததும் பழையபடி வெளுப்பாகத்தான் இருக்கும். ஊசியில் ஏறும். தொடையில் இறங்கும். அவளும் ஒரு வேளை தவறாமல் போட்டுக்கொண்டாள். சுகர் மட்டும் இறங்கவில்லை.

மாதாமாதம் ரத்தம் பார்ப்பார்கள். அங்கே இருந்த பெரிய டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்குவார். அறைக் கதவை எப்போதும் திறந்தே வைத்திருப்பார். வெளியே பெஞ்சு முழுக்க எங்கள் ஆட்கள்தான். மார்க்கெட்டுக்காரிகள், வலை பின்னுகிறவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள்.

“ஏம்மா, என்ன சாப்பிடறே நீ?”

“ரெண்டு வேளை கஞ்சி, ஒரு வேளை சோறு. அதுவும் கொஞ்சம்தாம்மா.”

“பொய் சொல்லாதே. இவ்வளவு மருந்துக்கு இவ்வளவு சுகர் இருக்கவே இருக்காது. திருட்டுத்தனமா தின்னுட்டு இங்க வந்து கதை விடறியா?”

மருந்தின் அளவைக் கூட்டினார். அடுத்த மாதமும் அதே பேச்சு, அதே கூட்டல். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் காதில் விழாமல் இருக்குமா? ஒரு வாரத்தில் மார்க்கெட்டே பேசியது.

“இன்னா யக்கா, இன்னிக்கு பாயசமா, கேசரியா?”

“பலகைக்கு அடியில இன்னா வெச்சிகினு கீற? மீனா, மைசூர்பாகா?”

தங்கைக்காரி அக்காவுக்குக் காவல் இருக்க ஆரம்பித்தாள். டீக்கடைப் பக்கம் அக்கா திரும்பினாலே கத்துவாள். “துன்னு துன்னு சாவப் போற நீ! எங்கள இன்னாத்துக்கு பேஜாரு பண்ற?” மனைவி முதலில் பதிலுக்குத் திட்டினாள். பிறகு திட்டுவதை விட்டாள். சோற்றைக் குறைத்தாள். அப்புறம் ஒரு வேளைச் சோற்றையே விட்டாள். வீட்டில் நான் தட்டில் போட்டுக் கொடுத்தால், “வேணாய்யா, அப்புறம் நீயும் சொல்லுவ” என்று தள்ளி வைப்பாள். நான் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லவில்லை என்பதை வாயைத் திறந்து சொல்லவும் எனக்கு வரவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஏலத்தில் எடுத்த கெளுத்தியைக் கூடைக்கு மாற்றும்போது ஒன்று துள்ளி, அதன் முள் அவள் காலில் ஏறியது. மீன்காரிக்கு முள் குத்துவது ஒரு விஷயமே இல்லை. மஞ்சளைத் தடவிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இந்த முறை புண் ஆறவில்லை. விரல் கறுத்தது. எடுத்துவிட்டார்கள். எடுத்த இடமும் ஆறாமல் ஈரமாகவே கிடந்தது. பெரிய டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “சுகர் இறங்கலேன்னா பாதத்தையே எடுக்கணும். காலா, வாயா, நீயே முடிவு பண்ணிக்கோ” என்றார்.

அதுதான் எங்கள் முன்னால் இருந்தது. அவள் கால். நின்று ஏலம் எடுக்கிற கால், கூடையோடு ஆட்டோவில் தாவி ஏறுகிற கால். அது போனால் பலகை போகும். பலகை போனால் அவளும் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த மாதமும் சுகர் இறங்கவில்லை. டாக்டரம்மாவுக்குப் புதிதாக ஒரு சந்தேகம் வந்தது.

“நீ ஊசியே போடறதில்லை. வாங்கிட்டுப் போய் யார்கிட்டயாவது கொடுத்துடறே. சிஸ்டர், இங்கேயே, என் கண்ணெதிர போடுங்க. முழு அளவும்.”

நர்ஸ் ஆஸ்பத்திரி பிரிட்ஜிலிருந்து ஒரு புது பாட்டிலை எடுத்துப் போட்டாள். என் மனைவி சேலையை விலக்கிக் கொடுத்தாள். அன்று காலையிலிருந்து அவள் சாப்பிட்டது அரைத் தம்ளர் கஞ்சி. ஊசி போட்டுக்கொண்டு நேராக மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். நான் காசிமேட்டுக்குப் போனேன்.

தங்கைக்காரி போனில் கூப்பிட்டாள். அழுதாளா கத்தினாளா என்று தெரியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மனைவி பலகைமேல் சாய்ந்து கிடந்தாள். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது, கண் எங்கோ பார்க்கிறது, வாயில் ஏதேதோ பேச்சு. டீக்கடைக்காரர் சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டு ஒரு டீ கொண்டு ஓடி வந்தார். தங்கைக்காரி தம்ளரைத் தட்டிவிட்டாள்.

“அறிவு கீதாய்யா உனுக்கு? சக்கரக்காரிக்குப் போய் டீ குடுக்கிற? கொல்லப் பாக்கறியா?”

அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். சர்க்கரை உன் அக்காவுக்கு விஷம் என்று மாதக்கணக்கில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சர்க்கரை குறைந்தாலும் ஆள் சாவாள் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றைக்கு அவள் உயிரைக் காப்பாற்ற வந்த ஒரே பொருள் அந்த டீ. அது தரையில் மீன் தண்ணீரோடு ஓடியது.

ஆட்டோவில் ஏற்றினோம். வழி முழுக்கக் கண்டெய்னர் லாரிகள், ஒன்றின் வாலில் ஒன்று. ஆட்டோக்காரர் இறங்கிப் போய் ஒரு டிரைவரிடம், “நைனா, உள்ள பொம்பள சாவ கெடக்குது, ஒரு சாண் நவுருப்பா” என்று கெஞ்சினார். அந்த டிரைவர் தன் முன்னால் நின்ற லாரியைக் காட்டினார். அந்த லாரிக்காரர் அதற்கு முன்னால் நின்றதைக் காட்டினார். என் மடியில் அவள் தலை. நான் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வாய் அப்போதும் திறக்கவில்லை.

எப்படியோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். ரத்தம் பார்த்தார்கள், உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “இன்னாய்யா, ஏலம் முடிஞ்சுபோச்சா?” என்றாள்.

அங்கே இருந்தவர் ஓர் இளம் டாக்டர். பழைய சீட்டுகளை எல்லாம் பார்த்தார். சுகர் இறங்கவே இல்லை, மருந்து மட்டும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது, ஆனால் இன்றைக்கு ஆஸ்பத்திரியில் போட்ட ஒரே ஊசியில் ஆள் விழுந்திருக்கிறாள்.

“வீட்ல மருந்தை எங்க வைக்கிறீங்க?”

இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர். தங்கைக்காரி பெருமையாகப் பதில் சொன்னாள்.

“ஐஸ்லதான் சார். உப்பு போட்டு, நல்லா கல்லாட்டம் வெச்சிகினு கீறோம்.”

“உறைஞ்சு போகுமா?”

“பின்ன? உறையாம இருந்தா கெட்டுடாது?”

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். மருந்து வரும் அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து ஓரத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார். உறைய விடக்கூடாது என்று இங்கிலீஷில் எறும்பு அளவு எழுத்தில் போட்டிருக்கிறதாம். என் வீட்டில் எறும்பைப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. அவளுக்குக் கொடுக்கிற மருந்தில் அவளுக்குத் தெரிந்த எழுத்தில் ஒரு வரி போட என்ன செலவாகும்?

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எங்கள் மூவருக்கும் சொன்னார். அதை என்னால் முடிந்தவரை எழுதுகிறேன்.

“இன்சுலின் ஒரு புரதம். முட்டையில இருக்கு, மீன் சதையில இருக்கு இல்லையா, அந்த ஜாதி. புரதம்னா கல்லு மாதிரி சும்மா கிடக்கிறது இல்ல. உள்ளுக்குள்ள எப்பவும் ஆடிக்கிட்டும் வளைஞ்சுக்கிட்டும் இருக்கும். அந்த ஆட்டத்தாலதான் அது வேலை செய்யுது. பூட்டுக்குச் சாவி மாதிரின்னு சொல்லுவாங்க, அது பாதிதான் சரி. சாவி விறைப்பா இருக்கும். இது கதவுகிட்ட போனதும் தன்னோட ஒரு ஓரத்தை விரிக்கும். அதுவரைக்கும் மறைஞ்சிருந்த பக்கம் வெளிய வந்து கதவைப் பிடிக்கும். பிடிச்சதும் கதவும் வளைஞ்சு கொடுக்கும். ரெண்டும் அசைஞ்சாத்தான் சர்க்கரையை உள்ள விடுன்னு உள்ளே சேதி போகும்.”

“உறைஞ்சா?” என்று மனைவி கேட்டாள்.

“ஒண்ணோட ஒண்ணு நெருங்கி ஒட்டிக் கட்டியாயிடும். விரிய வேண்டியது விரியாது. அப்புறம் கரைச்சாலும் பிரியாது. வெந்த முட்டையை ஆற வெச்சா பச்சை முட்டை ஆகுமா?”

நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தால் என் விரல்கள் மடங்காது. பொத்தான் போடாது, சோறு பிசையாது, பஸ்ஸில் சில்லறை எடுக்காது. ஐந்து விரலும் இருக்கும். கை என்று யார் பார்த்தாலும் சொல்வார்கள். பாட்டிலில் இருந்ததையும் மருந்து என்றுதான் எல்லாரும் சொன்னோம். என் விரலாவது வெயிலில் நின்றால் மடங்கும்.

வாழ்நாள் முழுக்க நான் சம்பளம் வாங்கியது அசைவை நிறுத்துவதற்குத்தான். செத்த மீனுக்கு அது நல்லது. உள்ளே எதுவும் ஆடாமல் இருந்தால்தான் மீன் அழுகாது. உயிரோடு இருப்பவளின் மருந்தையும் செத்த மீனை வைப்பது போலவே வைத்திருந்தோம்.

நான் பயந்து பயந்து அவரிடம் ஒன்று கேட்டேன். “மீன் செத்ததும் விறைக்குதே சார், அதுவும் இதானா?”

அவர் சிரிக்கவில்லை. “அதுவும் புரதம்தான். ஆனா அது வேற கதை. சதையில ஒரு இழை இன்னொரு இழையைப் பிடிச்சு இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். சதை அசையறது அப்படித்தான். பிடிச்சதை விடறதுக்குத்தான் சக்தி வேணும். செத்துட்டா அந்தச் சக்தி இல்ல. பிடிச்ச பிடியிலேயே நின்னுடும்.”

வீட்டுக்கு வந்ததும் தெர்மாகோல் பெட்டியிலிருந்த பாட்டில்களை அவர் சொன்னபடி திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்தோம். புது மருந்தை, மண்பானையில் ஈர மணல் போட்டு, அதன் நடுவில் டப்பாவில் வைக்கச் சொன்னார். மருந்தின் அளவைப் பாதிக்குக் கீழே குறைத்து எழுதினார். அடுத்த முறை பார்த்தபோது சுகர் இறங்கியிருந்தது. காலில் ஈரம் காய்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் மூடியது. பாதம் தப்பியது. விரல் திரும்பி வரவில்லை.

இதோடு விட்டுவிடலாம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். தங்கைக்காரி அக்கா காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர்களுக்குள் அது முடிந்தது. ஆனால் என் மனைவிக்கு ஒன்று பாக்கி இருந்தது.

“அந்தம்மா என்னாண்ட ஒரு வார்த்த சொல்லணும்” என்றாள். “திருடின்னுச்சு. அத்தத் திருப்பி எடுத்துக்கணும்.”

பழைய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெரிய டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“ஐஸ்ல உறைய வெச்சா எப்படிம்மா வேலை செய்யும்? உங்களுக்கெல்லாம் சொன்னாலும் புரியாது.”

“சொன்னாதானம்மா புரியும்?” என்றாள் மனைவி. “குளுரா வைய்யின்னீங்க, வெச்சோம். உறையக் கூடாதுன்னு எப்ப சொன்னீங்க?”

“சரி சரி, இனிமே ஒழுங்கா வை. அடுத்த ஆளை வரச் சொல்லு.”

மனைவி எழுந்துவிட்டாள். நான் எழவில்லை. என் உடம்பு நடுங்கியது. ஐஸ் மிஷின் ஓடும்போது தரை நடுங்குமே, அந்த மாதிரி.

“அவ திருடித் துன்னல” என்றேன்.

டாக்டரம்மா நிமிர்ந்தார். நான் பேசி அவர் கேட்டதே இல்லை. “அவ திருடினான்னு யாரு சொன்னது?”

“நீங்க. இந்தக் கதவத் தொறந்து வெச்சிகினு. மாசாமாசம். அவ பட்டினி கெடந்தா. பட்டினி கெடந்தவளுக்கு ஊசியப் போட்டு அனுப்பினீங்க.”

பெஞ்சில் இருந்தவர்கள் கதவுப் பக்கம் திரும்பினார்கள். டாக்டரம்மா பேனாவை மூடினார். “சரிப்பா. அவங்க சாப்பிடலை. போதுமா?”

“போதாது” என்றாள் என் மனைவி. “எனுக்குத் தெரியும் நான் துன்னலன்னு. உங்களுக்கும் தெரிஞ்சிபோச்சி. வெளிய உக்காந்துகினு கீறாங்களே, அவங்களாண்ட சொல்லுங்கோ.”

டாக்டரம்மா எழுந்து வரவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நாங்கள் வெளியே வந்தோம்.

“வுட்டுடுய்யா” என்றாள் அவள், வழியில். அவளே கேட்டு, அவளே விட்டுவிடச் சொன்னாள். “எத்தினி நாளிக்கு புட்ச்சிகினு இருப்ப?”

“வுட்றதுக்குத்தான் தெம்பு வேணுமாம்” என்றேன். அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் அந்த ஜன்னல் பக்கம் போயிருந்தேன். வேறு யாரோ ஒரு பெண், கையில் மீன் கூடை, மருந்து வாங்கிக்கொண்டிருந்தாள். “குளிர்ச்சியாவே வெச்சுக்கணும்” என்று உள்ளிருந்து அதே குரல் சொன்னது. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்ல நினைத்தேன். கூட்டமாக இருந்தது. கிட்டே போவதற்குள் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள். ஆட்டோவுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினேன். கத்தியிருக்கலாம். எனக்குக் கத்த வரவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். குளிர்ச்சி வேறு, உறைவது வேறு. மருந்தை ஐஸில் புதைக்காதீர்கள். உறைந்த மருந்தைக் கரைத்துப் போடாதீர்கள். வியர்த்து நடுங்கி விழுகிற சுகர்காரிக்குத் தொண்டையில் இறங்குகிற அளவுக்கு நினைவு இருந்தால் சர்க்கரை போட்ட டீயைக் கொடுங்கள், தம்ளரைத் தட்டிவிடாதீர்கள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், டாக்டரம்மா வெளியே வந்து சொல்லாததை நான் சொல்கிறேன். என் மனைவி திருடித் தின்னவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் லாஞ்சுகள் கட்டிக் கிடக்கின்றன, மிஷின் ஓடவில்லை, என் விரல்கள் மடங்குகின்றன. நாளை மறுபடி ஐஸ் அள்ளப் போக வேண்டும். இன்றைக்கு ஜூன் பதினான்கு, தடையின் கடைசி நாள்.